அறிவியலும் கடவுளும்: சென்னைச் சொற்பொழிவுகளுக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"அறிவியல் நோக்கில் கடவுள்", "கடவுள் உண்டா, இயற்பியல் என்ன சொல்கிறது?" என்ற மாதிரித் தலைப்புகளில் சென்னையில் அடிக்கடி எங்காவது ஒரு பேச்சு நடக்கிறது. பல வருடங்களாக இந்தக் கூட்டங்களுக்குப் போய்வருகிறேன். சிலவற்றில் நாற்காலி போடுவது, மைக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று கூடமாட உதவியும் இருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் வாசலில் நின்றும், பேச்சு முடிந்து டீ குடிக்கும்போதும் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்து, எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

இது உபன்யாசமா, நாத்திகக் கூட்டமா, அறிவியல் வகுப்பா?

மூன்றும் உண்டு. யார் ஏற்பாடு செய்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மயிலாப்பூர், மாம்பலம் பக்கத்துச் சபாக்களில் நடந்தால் பெரும்பாலும் வேதாந்தமோ சித்தாந்தமோ படித்தவர், நடுநடுவே குவாண்டம் இயற்பியலைத் தொட்டுப் பேசுவார். வேப்பேரி பெரியார் திடலில் நடந்தால் கடவுள் மறுப்புப் பக்கம். கல்லூரி அரங்குகளில் கிறிஸ்தவ, இஸ்லாமிய அமைப்புகள் நடத்தும் பேச்சுகளில் பிரபஞ்சத்தின் தொடக்கமும் உயிரின் தொடக்கமும்தான் பெரும்பாலும் பேசுபொருள்.

என்னைக் கேட்டால், எதிரெதிர் கருத்துள்ள இருவர் ஒரே மேடையில் உட்காரும் கூட்டத்தைத் தேடிப் போங்கள். அவை குறைவு. கிடைத்தால் விடாதீர்கள்.

இப்படி மேடை போட்டுப் பேசும் வழக்கம் எப்போது வந்தது? மேல்நாட்டு இறக்குமதியா?

சொற்பொழிவுக்கென்று அறக்கட்டளை வைக்கும் வழக்கம் அங்கே பழையது. வேதியியலாளர் ராபர்ட் பாயில் 1691இல் இறந்தபோது, கிறிஸ்தவ மதத்துக்கு ஆதரவாக ஆண்டுதோறும் பேச்சு நடக்கவேண்டும் என்று உயிலில் பணம் ஒதுக்கியிருந்தார். 1692இல் முதலில் பேசிய ரிச்சர்ட் பென்ட்லி, தன் பேச்சை அச்சுக்குக் கொடுக்கும் முன், ஈர்ப்பு விசையைப் பற்றித் தான் சொன்னது சரிதானா என்று நியூட்டனுக்கே கடிதம் எழுதிக் கேட்டார். மேடையேறுகிற எல்லோரும் இப்படித் துறைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஸ்காட்லாந்தில் கிஃபர்ட் பிரபு என்ற நீதிபதியின் உயிலால் 1888இல் தொடங்கிய கிஃபர்ட் சொற்பொழிவுகள் இன்றும் அங்குள்ள நான்கு பழைய பல்கலைக்கழகங்களில் நடக்கின்றன. பேச வருகிறவர் எந்த மதத்தவராகவும் இருக்கலாம், மதமே இல்லாதவராகவும் இருக்கலாம் என்று அந்த உயிலே சொல்கிறது. மறுபக்கத்தில், தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் தான் ஏன் கிறிஸ்தவர் அல்ல என்பதை 1927 மார்ச் 6ஆம் தேதி லண்டன் பேட்டர்சி நகர மண்டபத்தில் ஒரு பொதுக்கூட்டத்தில்தான் எடுத்துச் சொன்னார்.

நம்மூருக்கும் இது புதிதல்ல. மணிமேகலை வஞ்சி நகரத்தில் சமயவாதிகளை ஒவ்வொருவராகத் தேடிப் போய், உங்கள் கொள்கை என்ன என்று கேட்டுக்கொண்டே போகிறாள். சைவவாதி, வைணவவாதி, ஆசீவகவாதி, சாங்கியவாதி என்று நீளும் அந்த வரிசையில், கண்ணுக்குத் தெரியும் உலகம் மட்டுமே உண்மை என்னும் உலகாயதம் பேசும் பூதவாதியும் ஒருவர். நாத்திகருக்கும் பேச இடம் கொடுத்த காப்பியம் அது.

சென்னையைப் பொறுத்தவரை 1882ஆம் வருடத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம். கடவுள் மறுப்பும் பகுத்தறிவும் பேசிய சென்னை இலௌகிக சங்கத்தாரின் 'தத்துவ விவேசினி' இதழ் அந்த ஆண்டுதான் தொடங்கியது. 1888 வரை வந்தது. அதே 1882இல்தான், எல்லா மதங்களுக்கும் அடியில் ஒரே மெய்ஞ்ஞானம் உண்டு என்று பேசிய பிரம்மஞான சபை (தியாசபிகல் சொசைட்டி) தன் தலைமையகத்தை அடையாற்றுக்குக் கொண்டுவந்தது. ஒரே நகரம், ஒரே வருடம், இரண்டு துருவங்கள். இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லாவுடன் நாத்திக மேடைகளில் முழங்கிய அன்னி பெசன்ட், பிற்பாடு அந்தப் பிரம்மஞான சபைக்கே தலைவராகி 1907 முதல் 1933 வரை இருந்தார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் பேசிய விக்டோரியா பப்ளிக் ஹால் இன்னும் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.

நான் அறிவியல் படித்தவன் இல்லை. புரியுமா?

புரியும். ஒரு கருவி மட்டும் கையில் இருந்தால் போதும். அது நம் தத்துவ நூல்களிலேயே இருக்கிறது.

ஒரு செய்தியை எந்த வழியில் அறிந்தோம் என்பதை அந்த நூல்கள் 'அளவை' என்று வகைப்படுத்தும். சைவ சித்தாந்தம் முதன்மையாக எடுத்துக்கொள்பவை மூன்று: காண்டல், கருதல், உரை. கண்ணாலோ கருவியாலோ கண்டது காண்டல். புகையைப் பார்த்து நெருப்பு இருக்கிறது என்று ஊகிப்பது கருதல். நம்பத்தக்கவர் சொன்னதை, நூல் சொன்னதை ஏற்பது உரை.

பேச்சாளர் ஒவ்வொன்றைச் சொல்லும்போதும், இது காண்டலா, கருதலா, உரையா என்று மனதுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். அறிவியல் முதல் இரண்டை வைத்துத்தான் நடக்கிறது. அதிலும், கருதிச் சொன்னதை மறுபடி காண்டலுக்குக் கொண்டுவந்து சரிபார்த்த பிறகுதான் ஏற்றுக்கொள்கிறது. பேச்சு ஏதோ ஒரு இடத்தில் இந்தச் சரிபார்ப்பை விட்டு விலகும். ஆத்திகர் பேச்சிலும் விலகும், நாத்திகர் பேச்சிலும் விலகும். விலகுவது குற்றமில்லை, தத்துவம் என்றாலே அப்படித்தான். ஆனால் விலகியதைச் சொல்லாமல், அறிவியலின் மரியாதையை அங்கேயும் வாங்கிக்கொண்டு போவதுதான் தவறு. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கப் பட்டப்படிப்பு வேண்டாம், காது கொடுத்துக் கேட்டால் போதும்.

பெருவெடிப்பு என்று ஒன்று நடந்ததே, அது படைப்பைக் காட்டவில்லையா?

எந்த மேடையிலும் வரும் கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் காண்டல். விண்மீன் மண்டலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. 1964இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் ஒரு பெரிய வானொலி ஆன்டெனாவில் எந்தத் திசையில் திருப்பினாலும் போகாத ஓர் இரைச்சலைக் கேட்டார்கள். ஆன்டெனாவுக்குள் கூடு கட்டியிருந்த புறாக்களின் எச்சத்தைக்கூடத் துடைத்துப் பார்த்தார்கள், இரைச்சல் போகவில்லை. பிரபஞ்சம் இளமையில் கொதித்துக்கிடந்த காலத்தின் மிச்ச வெப்பம் அது. அப்படி ஒன்று இருக்கவேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொன்னவர்கள் இருந்தார்கள். கருதலைக் காண்டல் உறுதி செய்தது. 1978இல் அந்த இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பிரபஞ்சத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டுகள் என்று இன்று சொல்வதும் இதே வழியில் வந்ததுதான்.

இந்தக் கொள்கைக்கு முதல் வித்திட்டவர்களில் ஒருவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லெமேத்ர். அவர் கத்தோலிக்கப் பாதிரியார். 1927இல் விரியும் பிரபஞ்சத்தைப் பற்றி எழுதினார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், இந்தக் கண்டுபிடிப்பு படைப்புக்குச் சான்று என்ற தொனியில் உரையாற்றியபோது, மகிழ்ந்திருக்க வேண்டிய லெமேத்ர் சங்கடப்பட்டார். தன் கொள்கை மதம், தத்துவம் பற்றிய கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது என்பது அவர் நிலைப்பாடு. இன்று அவதானிப்பு மாறினால் நாளைக்கு விசுவாசமும் ஆட்டம் காண வேண்டுமா என்ன? காலையில் பூசை வைத்துவிட்டு மாலையில் சமன்பாடு எழுதிய மனிதர் இரண்டையும் கலக்காமல் வைத்திருந்தார். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் ஆள் அவர்தான்.

"தோன்றிய எதற்கும் காரணம் உண்டு, பிரபஞ்சம் தோன்றியது, ஆகவே அதற்கும் காரணம் உண்டு" என்ற வாதம் இஸ்லாமிய அறிஞர் அல் கஸ்ஸாலி காலத்திலிருந்து, அதாவது சுமார் 900 ஆண்டுகளுக்கும் மேலாக, பேசப்பட்டுவருகிறது. பெருவெடிப்பு அதற்குப் புது வலு கொடுத்தது என்று இன்றைய பேச்சாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் இயற்பியல் கையில் வைத்திருக்கும் கணக்கு, மிகச் சூடாகவும் அடர்த்தியாகவும் இருந்த ஒரு நிலையிலிருந்து பிரபஞ்சம் எப்படி விரிந்தது என்பதைத்தான் சொல்கிறது. அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று அது சொல்லவில்லை. மிக மிக ஆரம்பக் கணத்தை விளக்கும் இயற்பியல் இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை.

நம்மூர் மேடைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு, இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சைவப் பேச்சாளர் ஒருவர் பெருவெடிப்பைக் காட்டி, "பாருங்கள், உலகம் ஒன்றுமில்லாததிலிருந்து வந்தது என்று விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது" என்பார். ஆனால் அவர் பேசும் சித்தாந்தமே அதை ஏற்காது! பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைப் பிணிக்கும் தளை) மூன்றும் அனாதி, அதாவது தொடக்கமில்லாதவை. "உள்ளது போகாது, இல்லது வாராது" என்பது அங்கே அடிப்படை. உலகம் மாயை என்ற மூலப்பொருளிலிருந்து தோன்றி, நின்று, மறுபடி அதிலேயே ஒடுங்கும். குயவன் மண்ணிலிருந்து திரிகையின் துணையால் குடம் வனைகிறான். மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவிலேயே, அவன் அவள் அது என்று சுட்டப்படும் உலகம் மூவகைத் தொழில் உடையதால் அதை நடத்த ஒருவன் வேண்டும் என்ற போக்கில் வாதத்தைத் தொடங்குகிறார். அது தனக்கே உரிய கட்டுக்கோப்புள்ள வாதம். ஒன்றுமில்லாமையிலிருந்து படைப்பு என்ற வேறொரு மரபின் வாதத்தை அதன்மேல் ஒட்டினால் இரண்டுமே கெடும். சித்தாந்தம் பேசுகிறவர் சித்தாந்தத்தையே பேசட்டும், அது இன்னும் ஆழமானது.

எல்லாம் இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்கிறதே, தானாக எப்படி அமையும்?

நல்ல கேள்வி. ஆத்திகப் பக்கத்தில் இருக்கும் வாதங்களில் இதைத்தான் நான் வலுவானதாக நினைக்கிறேன்.

உதாரணத்துக்குக் கரியை எடுத்துக்கொள்ளுங்கள், நம் உடம்பெல்லாம் கரிமச் சேர்மங்கள். விண்மீனுக்குள் மூன்று ஹீலியம் கருக்கள் சேர்ந்துதான் ஒரு கரி அணுக்கரு உருவாக வேண்டும். 1950களின் தொடக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, உலகில் இருக்கும் இவ்வளவு கரி அந்த வழியில் உருவாகவே முடியாது என்று வந்தது. இங்கிலாந்தின் ஃபிரெட் ஹாயில் விடவில்லை. கரியின் அணுக்கருவுக்கு ஒரு குறிப்பிட்ட ஆற்றல் நிலை இருந்தே ஆகவேண்டும், அப்போதுதான் இந்தக் கணக்கு நேராகும் என்றார். கலிஃபோர்னியாவில் வில்லியம் ஃபௌலரின் ஆய்வகத்தில் போய் நின்று, தேடிப் பாருங்கள் என்றார். 1953இல் தேடினார்கள். அவர் சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே, 7.65 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டில், அந்த நிலை இருந்தது. அது சற்றுத் தள்ளியிருந்தால் இவ்வளவு கரி இருந்திருக்காது, நாமும் இருந்திருக்க மாட்டோம். நாத்திகராக இருந்த ஹாயிலே பிற்பாடு, ஏதோ ஒரு பேரறிவு இயற்பியல் விதிகளில் கைவைத்திருப்பது போல் தோன்றுகிறது என்கிற அளவுக்குப் போனார்.

(ஃபௌலருடன் 1983 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் நம் மெரினாக் கரை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். அவர் தன்னை நாத்திகர் என்றே சொல்லிக்கொண்டவர்.)

இதில் எது எந்த அளவை என்று பார்ப்போம். கரிக்கு அந்த ஆற்றல் நிலை உண்டு என்பது கருதலாகத் தொடங்கிக் காண்டலில் முடிந்தது. "ஆகவே அமைத்தவர் ஒருவர் இருக்கவேண்டும்" என்பது அடுத்த கருதல். அதைச் சரிபார்க்க ஃபௌலரின் ஆய்வகம் மாதிரி ஓர் இடம் இல்லை. "எண்ணற்ற பிரபஞ்சங்கள் உண்டு, அவற்றில் நமக்கு ஏற்றதில் நாம் இருக்கிறோம்" என்று மறுபக்கத்தார் சொல்கிறார்களே, அதையும் இதுவரை யாரும் கண்டதில்லை. இரண்டு பேரும் ஒரே படியில்தான் நிற்கிறார்கள். ஒருவர் தன்னை அறிவியல் என்றும் மற்றவரை நம்பிக்கை என்றும் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பரிணாமக் கொள்கை வெறும் ஊகம்தானே?

இல்லை. புதைபடிவம், உடற்கூறு, மரபணு என்று தனித்தனியாக வந்த சான்றுகள் ஒரே முடிவைச் சொல்கின்றன. கடிகாரத்தைப் பார்த்தால் கடிகாரம் செய்தவரைத் தெரிவது போல, உயிரினங்களின் அமைப்பைப் பார்த்தால் படைத்தவர் தெரிகிறார் என்று வில்லியம் பேலி 1802இல் எழுதினார். அப்போது அதற்கு மாற்று விளக்கம் இல்லை. 1859இல் டார்வின் கொடுத்தார். உயிரினத்தின் அமைப்பை மட்டும் வைத்துக் கடவுளை நிறுவும் வாதம் அன்றோடு பலவீனமாகிவிட்டது. பரிணாமத்தை ஏற்றுக்கொண்டு கடவுளையும் நம்புகிறவர்கள் ஏராளம். மேடையில் இருப்பவர் பரிணாமத்தையே மறுத்தால், அவர் மற்ற அறிவியல் விஷயங்களைச் சொல்லும்போதும் கொஞ்சம் எச்சரிக்கையாகக் கேளுங்கள்.

அறிவியலுக்கு விடை தெரியாத இடத்தில் கடவுளை வைத்தால் என்ன?

விடை கிடைத்த அன்று கடவுளை அங்கிருந்து எழுப்ப வேண்டிவரும். நியூட்டனுக்கே இது நடந்தது. கோள்கள் ஒன்றையொன்று இழுப்பதால் பாதைகள் மெல்லக் குலையும், அவ்வப்போது கடவுள் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்று அவர் நினைத்தார். அடுத்த நூற்றாண்டில் லாப்லாஸ் வியாழன், சனி இரண்டின் போக்கையும் கணக்கிட்டு, அந்த ஏற்ற இறக்கங்கள் காலச் சுழற்சியில் தாமாகவே திரும்பி வருபவை என்று காட்டினார். பக்தி உள்ளவர்கள்தான் இந்த வாதத்தை முதலில் கைவிட வேண்டும் என்பேன்.

அப்படியானால் கடவுள் இல்லை என்று அறிவியல் நிரூபித்துவிட்டதா?

அதுவும் இல்லை. நாத்திக மேடைகளில் எனக்கு உடன்பாடில்லாத இடம் இதுதான். கடவுள் என்று பொதுவாகச் சொல்வதை நிரூபிக்கவோ மறுக்கவோ பரிசோதனை எதுவும் கிடையாது. ஆனால் கடவுளின் பெயரால் சொல்லப்படும் குறிப்பிட்ட செய்திகளைச் சோதிக்கலாம், சோதித்தும் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1802 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2006இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்காக முன்பின் தெரியாதவர்கள் பிரார்த்தனை செய்தார்கள், இன்னொரு பிரிவினருக்குச் செய்யவில்லை. தனக்காகப் பிரார்த்தனை நடக்குமா நடக்காதா என்று இந்த இரு பிரிவினருக்கும் உறுதியாகத் தெரியாது. குணமாவதில் இவர்களுக்குள் வித்தியாசம் இல்லை. பிரார்த்தனை நிச்சயமாக நடக்கிறது என்று சொல்லப்பட்ட மூன்றாவது பிரிவில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல்கள் வந்தன. தெரியாமலே பிரார்த்திக்கப்பட்டவர்களில் 52 சதவீதம். முன்பின் தெரியாதவர் பிரார்த்தித்தால் அறுவை சிகிச்சையின் சிக்கல் குறையும் என்ற கூற்று இதில் தோற்றது. தன் பிள்ளைக்காக ஒரு தாய் வேண்டிக்கொள்வதன் பொருளை இந்த ஆய்வு அளக்கவில்லை, அளப்பதாகச் சொல்லவும் இல்லை.

"நாசாவே சொல்லிவிட்டது" என்று பேச்சாளர் சொன்னால்?

எழுந்து கேளுங்கள். தயங்காதீர்கள். இந்த விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு, ஏனென்றால் பொய்த் தகவல்களால் கெடுவது அறிவியலைவிடக் கோயில்களின் மதிப்புதான்.

திருநள்ளாற்றுக்கு மேலே வரும் செயற்கைக்கோள்கள் 3 விநாடி நின்றுவிட்டுப் போகின்றன என்ற கதை வாட்ஸ்அப்பிலிருந்து மேடை வரை வந்துவிட்டது. தாழ்ந்த பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறக்குறைய ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 3 விநாடியில் இருபது கிலோமீட்டருக்கு மேல் தாண்டிவிடும். அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது, நின்றால் விழவேண்டியதுதான். நம் டிவி டிஷ் பார்க்கிற வகை, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலநடுக்கோட்டுக்கு மேலே இருக்கிறது. அது எப்போதுமே நம் பார்வைக்கு ஒரே இடத்தில் நிற்பது. எந்த வகையாக இருந்தாலும் திருநள்ளாற்றில் மட்டும் நிற்க வழியில்லை.

சிதம்பரம் பூமியின் காந்த மையத்தில் இருக்கிறது என்பதும் அப்படியே. காந்த நடுக்கோடு என்பது, காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் இடங்களை இணைத்துப் பூமியைச் சுற்றிவரும் ஒரு கோடு, அதற்கு மையப்புள்ளி என்று ஒன்று கிடையாது. அது காலப்போக்கில் நகர்வதும் உண்டு. இந்தியாவில் அது தெற்குக் கோடியை ஒட்டிச் செல்கிறது. அதனால்தான் அதை ஆராயும் மையம் திருநெல்வேலி அருகே இருக்கிறது.

இதே மூச்சில் சொல்லப்படும் இன்னொரு செய்தி மட்டும் வேறு மாதிரி. காளஹஸ்தி, காஞ்சி ஏகாம்பரநாதர், சிதம்பரம் மூன்றும் ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன என்பார்கள். உங்கள் போனில் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். மூன்றும் 79.7 டிகிரியை ஒட்டித்தான் இருக்கின்றன. காண்டல்! ஆனால் பஞ்சபூதத் தலங்களில் மற்ற இரண்டான திருவண்ணாமலையும் திருவானைக்காவும் அந்தக் கோட்டில் இல்லை என்பதையும் அதே வரைபடம் காட்டும். பேச்சாளர் முதல் பாதியை மட்டும் சொன்னால், மறுபாதியை நீங்கள் கேளுங்கள். முன்னோர்கள் அளந்து கட்டினார்களா, தற்செயலா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. அதற்குக் கல்வெட்டும் கட்டட வரலாறும் தெரிந்தவர்கள் வேண்டும்.

"உயிரின் எடை 21 கிராம்" என்பதற்கு மூலம், 1907இல் டங்கன் மெக்டூகல் என்ற அமெரிக்க மருத்துவர் வெளியிட்ட சோதனை. சாகும் தறுவாயில் இருந்த ஆறு பேரை எடைபோட்டார். 21 கிராம் என்பது அதில் ஒருவருக்குக் கிடைத்த அளவு. மற்றவர்களுக்கு அப்படி வரவில்லை.

கடவுள் துகளைக் கண்டுபிடித்துவிட்டார்களாமே?

2012 ஜூலை 4 அன்று ஜெனிவாவின் செர்ன் ஆய்வகம் அறிவித்தது ஹிக்ஸ் போசானை, அடிப்படைத் துகள்களுக்கு நிறை எப்படி வருகிறது என்ற விளக்கத்தோடு சேர்ந்த ஒரு துகளை. 'கடவுள் துகள்' என்பது 1993இல் வந்த ஒரு புத்தகத்தின் தலைப்பிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். கடவுளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செர்ன் வளாகத்தில் நடராசர் சிலை இருப்பது உண்மை; 2004இல் இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்தது.

பெரிய விஞ்ஞானிகள் எல்லாம் கடவுளை நம்பியவர்கள்தானே?

சிலர் நம்பினார்கள், சிலர் நம்பவில்லை. 1979 இயற்பியல் நோபல் பரிசைப் பாருங்கள். மின்காந்த விசையையும் வலுக்குறைந்த அணுக்கரு விசையையும் ஒரே கோட்பாட்டுக்குள் கொண்டுவந்ததற்காக அப்துஸ் சலாமும் ஸ்டீவன் வைன்பர்க்கும் ஷெல்டன் கிளாஷோவுடன் சேர்ந்து பெற்றார்கள். சலாம் ஆழ்ந்த இறைநம்பிக்கை கொண்ட முஸ்லிம், வைன்பர்க் வெளிப்படையான நாத்திகர். தனித்தனியாக வேலை செய்து ஒரே கோட்பாட்டுக்கு வந்துசேர்ந்தார்கள். சமன்பாட்டைப் பார்த்து எது யார் எழுதியது என்று சொல்ல முடியாது.

சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன் நாமகிரித் தாயாரின் அருளால் தனக்குக் கணிதம் வருவதாக நம்பினார். அவரை கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணித அறிஞர் ஹார்டி நாத்திகர். தேற்றங்கள் நிரூபணத்தால்தான் நின்றன. ஆனால் அவை ராமானுஜனுக்கு எப்படித் தோன்றின என்பதை ஹார்டியாலும் விளக்க முடிந்ததில்லை. எனக்கு இந்த நட்பைப் பற்றி எவ்வளவு பேசினாலும் அலுக்காது.

ஐன்ஸ்டைனை இரண்டு பக்கமும் இழுப்பார்கள். 1929இல் தான் நம்புவது தத்துவ அறிஞர் ஸ்பினோசாவின் கடவுளை, இயற்கையின் ஒழுங்கில் வெளிப்படுகிற கடவுளை என்றார். மனிதர் விதியில் தலையிடும் கடவுளை அவர் ஏற்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்லாத பேச்சாளர் பாதிதான் சொல்கிறார்.

ஆனால் ஒன்று, விஞ்ஞானி சொன்னார் என்பதும் 'உரை'தான். அவர் துறைக்கு வெளியே அவருக்குத் தனிச் சலுகை கிடையாது.

கேள்வி நேரத்தில் எப்படிக் கேட்பது? எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பெரும்பாலும் துண்டுச் சீட்டு கொடுப்பார்கள், அல்லது மைக் வரிசை வரிசையாக வரும். மைக் கையில் வந்ததும் கேள்வியை விட்டுவிட்டுச் சொந்தச் சொற்பொழிவைத் தொடங்குகிறவர்கள் எல்லாக் கூட்டத்திலும் உண்டு. தலைவர் மணியடிப்பார், பின்வரிசையிலிருந்து "கேள்விக்கு வாங்க சார்" என்று குரல் வரும், அதற்குள் பத்து நிமிடம் போயிருக்கும். கை தூக்கியபடி உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண்ணுக்கு மைக் போகவே போகாது.

ஒரு கூட்டத்தில் வயதான அம்மா ஒருவர் எழுந்தார். பேச்சாளர் குவாண்டம் இயற்பியலை வைத்து ஆன்மா அழியாதது என்று விளக்கியிருந்தார். "ஐயா, நீங்க சொன்ன அந்தச் சோதனையில அவங்க எதை அளந்தாங்க?" என்று மட்டும் கேட்டார். பேச்சாளர் யோசித்துவிட்டு, "எலக்ட்ரானைத்தாம்மா அளந்தாங்க, ஆன்மாவை இல்லை. அது என் விளக்கம்" என்றார். அரங்கம் கைதட்டியது, இருவருக்குமே. அந்த அம்மாவின் கேள்வியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எந்தத் தலைப்புக்கும் பொருந்தும்.

எங்கே நடக்கிறது? கட்டணம் உண்டா?

பெரும்பாலும் இலவசம். மாலை 6 அல்லது 6.30 மணி. நாளிதழ்களின் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பத்தியைப் பாருங்கள். அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலக அரங்கம், பெரியார் திடல், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், அடையாறு பிரம்மஞான சபை இவற்றில் ஒரு கண் வைத்திருங்கள்.

கூடவே ஒன்று சொல்வேன். கடவுளைப் பற்றி எதுவும் பேசாத அறிவியல் பேச்சுகளுக்கும் போங்கள். தரமணி கணித அறிவியல் நிறுவனம் 2016இலிருந்து மியூசிக் அகாடமியில் 'சயின்ஸ் அட் தி சபா' என்ற நிகழ்ச்சியை நடத்துகிறது. கச்சேரி கேட்கும் அரங்கில் விஞ்ஞானிகளே வந்து தங்கள் துறையைப் பொதுமக்களுக்குச் சொல்கிறார்கள். துறைக்காரர் எவ்வளவு நிதானமாகப் பேசுகிறார், எங்கே "இது இன்னும் தெரியாது" என்கிறார் என்று ஒருமுறை கேட்டுப் பழகிவிட்டால், மற்ற மேடைகளில் கேட்பது தானாகவே மாறிவிடும்.

வீட்டில் பெரியவர்களையும் பிள்ளைகளையும் அழைத்துப் போகலாமா? நம்பிக்கை குலைந்துவிடாதா?

பத்தாவது படிக்கும் பிள்ளையிலிருந்து அழைத்துப் போகலாம். ஆனால் ஒரு பக்கத்துக் கூட்டத்துக்கு மட்டும் அழைத்துப்போய் நிறுத்தாதீர்கள். இரண்டையும் கேட்கட்டும். வீட்டுக்கு வரும் வழியில், நீ எதை ஏற்கவில்லை என்று கேளுங்கள், பதிலைத் திருத்தாமல் கேளுங்கள். பெரியவர்கள் நாம் நினைப்பதைவிடத் திடமானவர்கள்; அறுபது வருட நம்பிக்கை ஒரு மாலைப் பேச்சில் போய்விடாது. கடவுளை இழிவாகத் திட்டும் பேச்சோ, நாத்திகர்களை ஒழுக்கமற்றவர்கள் என்னும் பேச்சோ வந்தால் எழுந்து வந்துவிடலாம், அதில் தவறே இல்லை.

நீங்கள் எந்தப் பக்கம்?

நம்புகிறவன். கபாலீசுவரர் கோயிலுக்குப் போகிறவன். என் நம்பிக்கைக்கு அறிவியல் சான்றிதழ் தரும் என்று எதிர்பார்க்கவில்லை, தரத் தேவையும் இல்லை. பெரியார் திடல் கூட்டங்களில் கேட்ட சில கேள்விகளுக்கு, முக்கியமாக உலகில் இருக்கும் துன்பத்தைப் பற்றிய கேள்விக்கு, என்னிடம் நிறைவான பதில் இல்லை. அதற்காகவே திரும்பத் திரும்பப் போகிறேன்.

எங்கள் குடியிருப்பில் இப்படி ஒரு கூட்டம் நடத்த விரும்புகிறோம். என்ன செய்யலாம்?

இரண்டு பேச்சாளர்களை அழையுங்கள். ஒருவர் அந்தத் துறையில் வேலை செய்யும் அறிவியலாளராக இருக்கட்டும். முதல் முக்கால் மணி நேரம் அவர் காண்டலை மட்டும் சொல்லட்டும்: என்ன அளந்தார்கள், எப்படி அளந்தார்கள். அதற்குப் பிறகு தத்துவமோ சமயமோ பேசுகிறவர், அதிலிருந்து தான் எங்கே போகிறார் என்பதைச் சொல்லட்டும். கேள்விகளைச் சீட்டில் வாங்குங்கள், பெண்கள் பக்கத்திலிருந்தும் மாணவர்களிடமிருந்தும் வரும் சீட்டுகளை முதலில் படியுங்கள். ஒலிபெருக்கியைக் கோயில் திருவிழா அளவுக்கு வைக்காதீர்கள். மார்கழியில் தேதி வைத்தால் சபாக்களோடு போட்டி போட வேண்டியிருக்கும், தையில் வையுங்கள். தலைமை தாங்குகிறவருக்கு ஒரு மணி கொடுங்கள், பேச்சாளராக இருந்தாலும் நேரமானால் அடிக்கச் சொல்லுங்கள்.